கதவுக்கு மட்டும் பொருந்திய சாவி

குற்றம் சாட்டப்பட்டவரிடமிருந்து கைப்பற்றிய சாவி என்னுடைய காரின் கதவுப் பூட்டில் திரும்பியது, ஸ்டார்ட் செய்யும் இக்னிஷன் பூட்டில் திரும்பவில்லை என்று ஆய்வாளர் இன்று காலை காவல் நிலைய வளாகத்தில் என்னிடம் தெரிவித்தார். சோதனை நடந்தபோது நானும் உடனிருந்து பார்த்தேன். அந்தச் சாவியைத் தெருவில் கண்டெடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் சொல்லியிருப்பதாகவும், சாவியைத் திருடியதைப் பார்த்த சாட்சி யாரும் இல்லாததால் அவர் நேற்று மதியம் ஜாமீனில் வீட்டுக்குப் போய்விட்டதாகவும் ஆய்வாளர் சொன்னார். அவர் அதைத் தெருவில் எடுக்கவில்லை, என் பையிலிருந்து எடுத்தார், எடுத்ததைப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதைச் சொல்லவே இந்தக் கூடுதல் வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். பார்த்தவருக்கு இதனால் என்ன ஆகும் என்ற பயத்தோடுதான் கொடுக்கிறேன்.

என் பெயரும் முகவரியும் எதிர்த்தரப்புக்குப் போகும் பிரதியில் இருக்கக் கூடாது என்று நான் கேட்டுக்கொண்டதால் அவை தனி உறையில் வைத்து ஒட்டப்பட்டுள்ளன. எனக்கு வயது முப்பத்தெட்டு. பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். பக்கவாதம் வந்தவர்களுக்கும் எலும்பு முறிந்தவர்களுக்கும் அவரவர் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பது என் தொழில். வீட்டில் நானும் என் கணவரும் மட்டும் இருக்கிறோம். அவர் பேக்கரியில் வேலை செய்கிறார்.

தொழிலுக்காக நான் ஒரு சிறிய கார் வைத்திருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பழைய மாடல் என்பதால் சாவியில் சிப் கிடையாது. வாங்கியபோதே ஒரு சாவிதான் கொடுத்தார்கள். கதவுக்கும் ஸ்டார்ட் செய்வதற்கும் அதே சாவி. என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான் உயரம் குறைந்தவள் என்பதால் சீட்டை முழுவதும் முன்னால் தள்ளி, ஒரு தலையணையும் போட்டு உட்காருவேன். “ஸ்டியரிங்கை மாலையா போட்டுக்கிட்டு ஓட்டுற” என்று கணவர் கேலி செய்வார். அந்தச் சீட்டை நான் பின்னால் தள்ளியதே இல்லை.

குற்றம் சாட்டப்பட்டவர் என் நோயாளி ஒருவருடைய மகன். காப்பீட்டு முகவராக இருக்கிறார். அந்த வீட்டில் அவரும் அவருடைய தந்தையும் மட்டும் இருக்கிறார்கள். தந்தையை இதில் பெரியவர் என்றும் அவரை மகன் என்றும் சொல்கிறேன். பெரியவருக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் செயலிழந்து, பேச்சும் போய்விட்டது. நாம் பேசுவது எல்லாம் அவருக்குப் புரியும். பதிலுக்கு ‘ம்’ என்ற ஒலி மட்டும்தான் வரும். எழுதவும் வராது. அவருடைய கட்டில் ஹாலில் ஜன்னல் ஓரமாக இருக்கிறது. நான் என் பையை எதிரே உள்ள நாற்காலியில் வைப்பேன். பயிற்சிக்கு முன்னும் பின்னும் கை கழுவ வீட்டின் பின்பக்கம் போவேன். அந்த நேரத்தில் பை நாற்காலியிலேயே இருக்கும்.

மகன் என்னை சிஸ்டர் என்று கூப்பிடுவார். மரியாதையாகப் பேசுவார். கிளம்பும்போது என் பையைத் தானே எடுத்துக்கொண்டு கார் வரை வருவார். “அடுத்தது எந்த வீடு சிஸ்டர்?” என்று கேட்பார். பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்து நானும் சொல்லிவிடுவேன். இப்படியே என்னுடைய எல்லா வீடுகளும், எந்தக் கிழமையில் எந்த வீடு என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

சென்ற மாதம் ஒரு காலை, பெரியவருக்குப் பயிற்சி முடித்துக் காருக்கு வந்து பையைத் திறந்தபோது சாவி இல்லை. பையைத் தரையில் கொட்டிப் பார்த்தேன். அதன் பிறகு வீட்டுக்குள் போய்த் தேடினேன். என்னைவிட மகன்தான் அதிகம் தேடினார். மண்டியிட்டு சோபாவுக்கு அடியில் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தார். சோபாவையே தூக்கி நகர்த்தினார். பெரியவர் கட்டிலில் இருந்தபடி தொடர்ந்து ‘ம் ம்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். “அப்பா, சும்மா இருங்க. சிஸ்டர் டென்ஷன்ல இருக்காங்க” என்று மகன் சொன்னார். பெரியவர் அழுதார். பக்கவாதம் வந்தவர்கள் காரணமில்லாமல் அழுவதும் சிரிப்பதும் நாங்கள் தினமும் பார்ப்பது. அதனால் நான் அவர் கண்ணைத் துடைத்துவிட்டுத் தேடுவதைத் தொடர்ந்தேன்.

அதன் பிறகு எங்கள் பகுதியில் கடை வைத்திருக்கும் பூட்டுக்காரருக்கு போன் செய்தேன். அவர் ஸ்கூட்டரில் வந்தார். “சாவி எங்க போச்சு?” என்றார். “தெரிஞ்சா உங்களை ஏன் கூப்பிடுறேன்?” என்றேன். “தொலைச்சவங்க எல்லாரும் என்னைத் திட்டித்தான் ஆரம்பிப்பாங்க, பரவாயில்ல” என்று சொல்லிவிட்டு, ஒரு தகட்டுப் பட்டையைக் கண்ணாடி இடுக்கில் விட்டுக் கதவைத் திறந்தார். சாவியை எடுத்தவர்கள் காரை ஓட்டிக்கொண்டு போய்விடக் கூடாது, இக்னிஷன் பூட்டையே மாற்றிவிடுங்கள் என்று நான் சொன்னேன்.

அவர் முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். அதன் பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்து வேலை செய்தார். பூட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்குத் தலை இல்லை. “முறுக்கினதும் தலை உடைஞ்சு விழற மாதிரி செஞ்சிருக்கான் மேடம், திருடன் கழட்டக் கூடாதுன்னு. திருடன் படவேண்டிய கஷ்டத்தை நான் படறேன்” என்றார். உளியால் தட்டித் தட்டி அவற்றைத் திருப்பி, பழைய பூட்டை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினார். அதன் பிறகு பழைய பூட்டுக்குள் இருந்த சிறிய பித்தளைத் தகடுகளைக் கைக்குட்டையில் வரிசையாகப் பரப்பி, அவற்றின் உயரத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு வெற்றுச் சாவியை அரத்தால் ராவி, கதவுக்குத் தனிச் சாவி செய்து கொடுத்தார்.

“இது கதவுக்கு, இது ஸ்டார்ட் பண்ண. பழைய சாவி எவன் கையில கிடைச்சாலும் கதவைத் திறக்கலாம், வண்டியைக் கிளப்ப முடியாது. கதவையும் மாத்தணும்னா செட்டா வரவழைக்கணும், நாளாகும். உள்ள நகை நட்டு ஏதாவது வெப்பீங்களா?” என்று கேட்டார்.

“ரப்பர் பட்டையும் தலகாணியும்தான் இருக்கு” என்றேன்.

“அதை எவன் எடுக்கப் போறான், விடுங்க” என்றார்.

அடுத்த வீட்டில் நோயாளி காத்திருந்ததால் நானும் விட்டுவிட்டேன். காரை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதை மட்டுமே நாங்கள் இருவரும் யோசித்தோம். ஒருவர் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கலாம் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. பூட்டுக்காரர் இதைச் சொல்லும்போது அவருக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவர் மகன்.

அதற்கு அடுத்த வாரம், வேறொரு நோயாளியின் வீட்டிலிருந்து வந்து காரில் ஏறியபோது என் கால் பிரேக்குக்கு எட்டவில்லை. சீட் முழுவதும் பின்னால் தள்ளப்பட்டிருந்தது. கதவு நான் பூட்டியபடியே பூட்டியிருந்தது. எதுவும் திருட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். “உன் காலு இன்னும் குட்டையாயிடுச்சா?” என்று சிரித்தார். அதன் பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பூட்டுக்காரர் படுத்து வேலை செய்தபோது சீட்டின் கொக்கி தளர்ந்திருக்கும் என்றார். அது சரியாக இருக்கும் என்று நானும் நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்று சொல்வதுதான் சரி.

அதன் பிறகு பெரியவர் வீட்டுக்குப் போனேன். கையைத் திருப்பும் பயிற்சி ஒன்றை அவருக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருந்தேன். நல்ல கையால் முதலில் செய்து காட்டச் சொல்லி, அதே அசைவை வராத கைக்குப் பழக்குவது எங்கள் வழக்கம். சாவி திருப்புவது போலத் திருப்புங்கள் என்று சொல்லித்தான் எல்லோருக்கும் இதைக் கற்றுக் கொடுப்போம். அன்று நான் சொல்லாமலேயே பெரியவர் இடது கையை நீட்டி, விரல்களைக் குவித்து, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். “பிரமாதம் அய்யா, சொல்லாமலே செய்றீங்களே!” என்று நான் பாராட்டினேன். அவர் தலையை வேகமாக ஆட்டிவிட்டு என் பையைக் காட்டினார். பயிற்சிப் பந்து கேட்கிறார் என்று பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வீசி எறிந்தார். அது சுவரில் பட்டு மகனின் காலடியில் போய் நின்றது. “அப்பா பௌலிங் போட ரெடியாயிட்டார் சிஸ்டர்” என்று சொல்லி மகன் அதை எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்தார். பெரியவர் மறுபடியும் மணிக்கட்டைத் திருப்பினார். நான் அவருடைய வலது கையைப் பிடித்து அதே போல் பத்து முறை திருப்பிவிட்டேன். திருப்பும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் அதைக் களைப்பு என்று நினைத்தேன்.

அதன் பிறகு ஒரு நாள், மேகமூட்டமாக இருந்த காலையில், மரத்தடியில் நிறுத்தியிருந்த காரில் ஏறி உட்கார்ந்தேன். சீட் முன்னால்தான் இருந்தது. ஆனால் தலையணை சூடாக இருந்தது. பக்கத்து சீட்டைத் தொட்டுப் பார்த்தேன், அது குளிர்ந்திருந்தது. கண்ணாடியைச் சரிசெய்ய நிமிர்ந்தபோது அதில் பின்பக்கச் சாலை தெரியவில்லை, என் கழுத்தும் தோளும் தெரிந்தன. நான் காரை விட்டு இறங்கி, பின் சீட்டையும் டிக்கியையும் திறந்து பார்த்தேன். யாரும் இல்லை. அன்று மீதி இருந்த வீடுகளுக்குப் போகவில்லை.

நேராகப் பூட்டுக்காரர் கடைக்குப் போனேன். இந்த முறை அவர் ஜோக் அடிக்கவில்லை. கதவுப் பூட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, “நெம்பின தடம் இல்ல மேடம். சாவி போட்டுத்தான் திறந்திருக்கான்” என்றார். கதவுப் பூட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தேன். அன்று மாலை கணவரும் கேலி செய்வதை நிறுத்திவிட்டார். செட் வரும் வரை பஸ்ஸில் போ என்றார். பஸ்ஸில் போனால் பாதி வீடுகளுக்குப் போக முடியாது என்பதால் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஏறுவதற்கு முன் எல்லாக் கண்ணாடிகள் வழியாகவும் உள்ளே பார்த்துவிட்டு ஏறினேன்.

செட் வருவதற்குள், சென்ற வெள்ளிக்கிழமை, முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஓர் அம்மாவின் குடியிருப்புக்குப் போனேன். காரை வெளியே நிறுத்திவிட்டு மூன்றாவது மாடிக்கு ஏறினேன். அங்கே நான் வழக்கமாக முக்கால் மணி நேரமாவது இருப்பேன். அன்று வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டபோது, காய்ச்சல் என்று மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருப்பதாகச் சொன்னார்கள். உடனே இறங்கி வந்தேன்.

என் காரின் டிரைவர் சீட்டில் மகன் உட்கார்ந்திருந்தார். சீட்டைப் பின்னால் தள்ளியிருந்தார். என் தலையணை அவர் மடியில் இருந்தது. ரேடியோ இல்லை, இன்ஜின் ஓடவில்லை, கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்து, ஓட்டிக்கொண்டிருப்பவர் போல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் பதறவில்லை. சாய்ந்து, மறுபக்கத்துக் கதவை உள்ளிருந்தே திறந்துவிட்டார்.

“ஏறுங்க சிஸ்டர், வெயில்ல நிக்காதீங்க” என்றார்.

அவர் கையை நீட்டினார்.

“என்கிட்ட இருக்கறது கதவுக்கு மட்டும்தான் சேருது. அந்த இன்னொண்ணைக் குடுங்க. இன்னிக்கு நான் ஓட்டுறேன்” என்றார்.

இன்னொரு சாவி என் கையில்தான் இருந்தது. நான் திரும்பாமல், அவரைப் பார்த்தபடியே பின்னால் நடந்தேன். முதுகில் மாடிப்படியின் கைப்பிடி இடித்தது. அங்கே ஒரு பெண் படிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. “அக்கா” என்று மட்டும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், வாளியைத் தூக்கிக்கொண்டு நேராகக் காரிடம் போனார்.

“டேய், யார்றா நீ? அந்தப் பொண்ணு நடுங்குறது தெரியல? இறங்குடா. இல்லன்னா இந்த அழுக்குத் தண்ணியை உள்ள ஊத்துவேன்” என்றார்.

“எங்க வீட்டுக்கு வர்றவங்கதான் இவங்க” என்று மகன் சொன்னார்.

“வீட்டுக்கு வந்தா வீட்டோட. இது என்ன உங்க வீட்டுத் திண்டா, சாஞ்சு உக்காந்திருக்க?” என்றார் அந்த அக்கா. சத்தம் கேட்டு மேலே இரண்டு ஜன்னல்கள் திறந்தன.

மகன் தலையணையைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினார். சட்டையைச் சரிசெய்துகொண்டார். அதன் பிறகு சாவியைப் போட்டு என் காரைப் பூட்டி, பூட்டியிருக்கிறதா என்று பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு நடந்து போனார். ஓடவில்லை. அன்று மாலையே அவரைக் கைது செய்ததும், அந்தச் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்ததும், நான் முதல் வாக்குமூலம் கொடுத்ததும் ஏற்கனவே பதிவில் உள்ளன.

இன்று காலை சாவியைச் சோதிக்கப் பூட்டுக்காரரையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் உறையிலிருந்து சாவியை வாங்கி, கதவுப் பூட்டில் வைத்து, மணிக்கட்டைத் திருப்பினார். நான் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடனே அருகிலிருந்த படியில் உட்கார்ந்துவிட்டேன். “சாவி சேருது மேடம், சந்தோஷப்பட வேண்டிய நேரத்துல உக்காந்துட்டீங்களே?” என்றார் பூட்டுக்காரர். பெரியவர் அன்று செய்து காட்டியது பயிற்சி இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவருக்குச் சொல்வதற்கு வேறு வழி இல்லாததால், நான் கற்றுக் கொடுத்ததை வைத்தே சொல்லியிருக்கிறார். முதலில் சாவி, அடுத்து என் பை. இரண்டு முறை சொன்னார். நான் அவரைப் பாராட்டிவிட்டுப் பந்தைக் கொடுத்தேன். மகன் பக்கத்தில் நிற்கும்போதே அவர் அதைச் சொன்னார் என்பதையும் நான் இப்போதுதான் யோசிக்கிறேன்.

இதை ஆய்வாளரிடம் சொன்னதும், பெரியவருடைய சாட்சியத்தைச் சைகை மூலம் பதிவு செய்யலாம், பேச்சுப் பயிற்சி நிபுணர் ஒருவரோடு மாஜிஸ்திரேட் அந்த வீட்டுக்கே வருவார், அது இல்லாமல், தெருவில் எடுத்தேன் என்று மகன் சொல்வதை உடைப்பது கடினம் என்றார். எதிர்த்தரப்புக்குத் தெரியாமல் செய்ய முடியுமா என்று கேட்டேன். “நோட்டீஸ் குடுக்காம சாட்சியம் எடுக்க முடியாதும்மா” என்றார்.

ஆகவே இதையும் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். மகன் காவலில் இருந்தபோது பெரியவரைப் பக்கத்து வீட்டுக்காரர் கவனித்துக்கொண்டார். நேற்று மதியத்திலிருந்து மறுபடியும் மகன்தான் கவனித்துக்கொள்கிறார். பெரியவரால் தானாக எழுந்து உட்கார முடியாது. அவருடைய தொண்டைத் தசைகளும் பலவீனமாக இருக்கின்றன. நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைச் சற்றுக் கீழே குனியவைத்து, கரண்டி கரண்டியாகத்தான் தண்ணீர் கொடுக்க வேண்டும். படுத்த நிலையில் கொடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இதை மகனுக்குப் பக்கத்தில் நின்று செய்துகாட்டிக் கற்றுக் கொடுத்தவள் நான். அப்படி ஏதாவது நடந்தால் உடம்பில் ஒரு தடமும் இருக்காது, புரையேறிவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், மருத்துவர்களும் அப்படித்தான் எழுதுவார்கள். மகன் அப்படிச் செய்வார் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. சாட்சியம் எடுக்கும் வரை பெரியவரை மருத்துவமனையில் சேர்த்துக் காவல் போட வேண்டும் என்று கேட்கிறேன். நோட்டீஸ் போவதற்கு முன்பே அதைச் செய்ய வேண்டும் என்று கேட்கிறேன்.

நான் சொன்னதைப் பெண் உதவி ஆய்வாளர் எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார். ‘பெரியவர் நலமாக உள்ளார்’ என்று ஓரிடத்தில் இருந்ததை, ‘நேற்று வரை நலமாக இருந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்’ என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார். மற்றவை நான் பார்த்தபடியும் கேட்டபடியும் உள்ளன. யாரும் வற்புறுத்தவில்லை.

(கையொப்பம்)

பதிவு செய்த அதிகாரியின் குறிப்பு: பெரியவரின் சாட்சியம் புதன்கிழமை காலை அவருடைய வீட்டில் பதிவு செய்யப்படும். அதற்கான நோட்டீஸ் இன்று மாலை அதே வீட்டில் மகனிடம் நேரில் கொடுக்கப்படும். பெரியவரை மருத்துவமனைக்கு மாற்றக் கோரும் மனு மேலதிகாரிக்கு அனுப்பப்பட்டுள்ளது. அதன் மீதான முடிவு நாளை காலை எதிர்பார்க்கப்படுகிறது.